மீண்டும் ஒருமுறை நீளட்டும் அந்தக் கை

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட குடும்பங்களில் ஒரு காட்சி அடிக்கடி நிகழ்கிறது. “இரண்டு யூனிட் இரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள்” என்ற சொல்லைக் கேட்டதும் கைப்பேசிகள் ஓயாமல் ஒலிக்கின்றன. மைத்துனரின் அலுவலக நண்பர், மகனின் கல்லூரித் தோழர், பக்கத்து வீட்டு இளைஞர் எனச் சிலர் பேருந்து ஏறி வந்து சேர்கின்றனர். அவர்களுள் பலர் அன்றுதான் வாழ்வில் முதன்முறையாகக் குருதி கொடுப்பவர்கள். நோயாளி நலம்பெற்று வீடு திரும்புகிறார். நாமும் நன்றி சொல்லி விடைபெறுகிறோம். வந்தவர்களுள் பலரை இரத்த வங்கி மறுபடி காண்பதில்லை. கல்லூரி முகாமில் தோழர்களோடு வரிசையில் நின்று தானே முன்வந்து கொடுத்த மாணவர்கள் பலரின் கதையும் இதுவே.

இதை அவர்களின் குறையாக நான் கருதவில்லை. “மூன்று மாதம் கழித்து மறுபடியும் வாருங்கள்” என்று அவர்களிடம் சொல்லாமல் விட்டோமே, அதுதான் குறை. சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு மட்டுமன்று, நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உண்டு என்பதே என் கருத்து.

முதலில் பலர் அறியாத ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். உங்களுக்காக வந்தவர் கொடுத்த குருதி, பெரும்பாலும் உங்கள் நோயாளிக்கே ஏற்றப்படுவதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் முடிந்த பின்னரே எந்தக் குருதியும் வெளியே செல்லும். ஆகவே அவர் கொடுத்தது இருப்பில் சேர்கிறது. உங்கள் நோயாளிக்குக் கிடைத்ததோ, சில நாள்களுக்கு முன் முகமறியாத ஒருவர் கொடுத்துவிட்டுச் சென்றது. அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருக்குப் பட்ட கடனை இன்னொரு முகமறியா நோயாளிக்குத்தான் நாம் திருப்பிச் செலுத்த முடியும்.

குருதியைச் சேமிக்கலாம், ஆனால் நெடுநாள் வைத்திருக்க இயலாது. ஒருவர் தரும் குருதி வழக்கமாகச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்படுகிறது. உறையவைத்த பிளாஸ்மா ஓராண்டு தாங்கும். சிவப்பணுக்கள், அவற்றோடு சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள்கள் வரை பயன்படும். தட்டணுக்களுக்கோ ஐந்தே நாள்கள். தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளான அக்டோபர் 1 அன்று ஊரெங்கும் முகாம்கள் நடக்கின்றன. அன்று பெற்ற சிவப்பணுக்கள் நவம்பர் நடுப்பகுதிக்குள் காலாவதியாகிவிடும். பொங்கலுக்கு ஊர் செல்லும் வழியில் விபத்தில் சிக்கியவருக்கு அவை உதவா. ஆனால் அக்டோபர் 1 அன்று கொடுத்த ஆண், டிசம்பர் 30 அன்றே மீண்டும் கொடுக்கலாம். நம் நாட்டு விதிப்படி ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி போதும். அவர் பொங்கலுக்கு முன் ஒருமுறை வந்திருந்தால், அந்த விபத்தின் இரவில் யாரும் யாரையும் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடப்படுகின்றன, முகாம்கள் குறைகின்றன. நோய்க்கு விடுமுறை இல்லை. தலசீமியா என்னும் பிறவிக் குருதிக் குறைபாட்டின் கடும் வகையோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றியாக வேண்டும். ஒருமுறை கொடுத்து நின்றுவிடும் நூறு பேரைக் காட்டிலும், ஆண்டுதோறும் தவறாமல் வரும் சிலரையே அக்குழந்தையின் தாய் நம்பியிருக்கிறாள்.

பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களில் எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாமல் போகலாம். எனவே கொடுப்பவர் தம் உடல்நிலை குறித்து மறைக்காமல் சொல்வது இன்றியமையாதது. உறவினரின் வற்புறுத்தலால் வந்தவர் சில உண்மைகளைச் சொல்லத் தயங்கக்கூடும். தாமாக வருபவருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒவ்வொரு முறையும் அவருடைய குருதி புதிதாகச் சோதிக்கப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, பணத்துக்குக் குருதி விற்கும் வழக்கம் 1998 சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் தன்னார்வலர்களே.

மீண்டும் வரத் தயங்குவோரின் அச்சங்களை எள்ளி நகையாடக் கூடாது. “உடல் தளர்ந்துவிடும்” என்பார்கள். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி உண்டு. எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லி லிட்டர். குறைந்த நீர்மம் ஓரிரு நாள்களிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிடும். முதன்முறை மயக்கம் வந்தவர்கள், அடுத்த முறையும் வருமோ என அஞ்சுகின்றனர். முதன்முறை கொடுப்போருக்கே மயக்கம் மிகுதி. பழகியவர்களுக்கு அது குறைகிறது. வெறும் வயிற்றோடு வராமல் உண்டு, நீர் அருந்தி வந்து, கொடுத்தபின் கால்மணி நேரம் அமர்ந்திருந்தால் பெரும்பாலும் தொல்லை இராது.

ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைந்ததால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் மனம் வெதும்பி, பிறகு வருவதே இல்லை. அது நிராகரிப்பு அன்று, அவர்தம் நலன் கருதிய ஒத்திவைப்பு. மருத்துவரைக் கண்டு காரணமறிந்து, அவர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டு, உணவில் கீரையும் பயறும் சேர்த்து, உணவோடு காப்பி, தேநீர் அருந்துவதைத் தவிர்த்தால், பலர் சில மாதங்களில் தகுதி பெறலாம்.

மருத்துவமனைகளும் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். கொடுக்க வந்தவரை மணிக்கணக்கில் காக்கவைத்து, முகம் பாராமல் ஊசி ஏற்றி, நன்றியின்றி அனுப்பினால் அவர் எப்படித் திரும்பி வருவார்?

நோயாளியாக உள்ளவர் கொடுக்க இயலாது. ஆனால் ஒருவரைத் திரும்ப அழைத்துவர இயலும். உங்களுக்காக வந்த இளைஞரைத் தொலைபேசியில் அழையுங்கள். “தம்பி, அப்பா நடக்கத் தொடங்கிவிட்டார்” என்ற செய்தியைச் சொல்லுங்கள். அவர் கொடுத்த நாளிலிருந்து 90 நாள் எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள், பெண்ணாயின் 120. அந்த நாள் வந்ததும், “நானும் உடன் வருகிறேன், போவோமா?” என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் 18 வயது நிறைந்து உடல்நலத்தோடு இருப்பவர்கள் அவரோடு சேர்ந்து வரலாம்.

முதன்முறை அவர் வந்தது உங்களுக்காக. அடுத்த முறை அவர் வரும்போது, அவருக்காகக் காத்திருப்பவர் இன்னும் பெயர் தெரியாத ஒரு நோயாளி. நேற்று நாமும் அப்படித்தான் காத்திருந்தோம்.