சாதியைச் சொல்லுங்கள், கல்யாணத்தையும் முடித்துவையுங்கள்

குடும்ப நாவல்களை விரும்பிப் படிக்கிறவள் நான். மதுரைத் திருநகரில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அலமாரியின் மேல் தட்டில் லைனிங் துணி, கீழ்த் தட்டில் லக்ஷ்மி, அநுத்தமா, சிவசங்கரி, ரமணிசந்திரன், முத்துலட்சுமி ராகவன். ப்ளவுஸ் வாங்க வருகிறவர்கள் ஒரு நாவலையும் எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது பக்கங்களில் மஞ்சள் கறை இருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்படியில் நின்று படித்த புத்தகம் அப்படித்தான் வரும்.

"இன்னுமா இதெல்லாம் படிக்கிறீங்க?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். துப்பறியும் நாவல் படிக்கிற ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கொலைக் கதை பொழுதுபோக்கு, காதல் கதை அசட்டுத்தனம் என்று ஒரு தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. ரமணிசந்திரன் கதைகளில் வரும் ஆண் பணக்காரனாக இருப்பான், கோபக்காரனாகவும் இருப்பான். ஆனால் அவள் முகம் வாடினால் கவனிப்பான், என்ன என்று கேட்பான். என்னிடம் நாவல் வாங்கிப் போகிற ஒரு மதினி, கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனவர், ஒரு நாள் சொன்னார்: "அவன் கேக்குறான்ல, சாப்ட்டியானு. அந்த ஒரு பக்கத்துக்காகத்தேன் படிக்கிறேன்." இதை அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எது கிடைக்கவில்லை என்பதை அந்த நாவல்கள் சரியாகத் தெரிந்துவைத்திருக்கின்றன.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது அப்பா வழியாக. அவர் புது மண்டபத்தில் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் மண்டபத்துக்குள் தூணுக்குத் தூண் மிஷின் ஓடிய காலம் அது. தையல் கடைகளைத் தாண்டினால் புத்தகக் கடைகள். பள்ளிக்கூட நோட்ஸ், சோதிடம், சமையல் குறிப்பு, இவற்றுக்கு நடுவே அட்டை கிழிந்த மாத நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அப்பாவுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கே உட்கார்ந்து படிக்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். காஜா எடுக்கக் கற்றதும் நாவல் படிக்கக் கற்றதும் அந்த ஒரே மண்டபத்தில்தான். இப்போது கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

இந்த நாவல்களுக்கு ஒரு வரலாறு உண்டு, அது கௌரவமான வரலாறு. வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர், ஆறு வயதுகூட நிரம்பாமல் கல்யாணம் ஆனவர். முதலில் எழுதியதை அவர் கைப்பட எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார். அவருக்குப் பிறகு வந்த லக்ஷ்மி, திரிபுரசுந்தரி என்ற மருத்துவ மாணவி, படிப்புச் செலவுக்காகக் கதை எழுதத் தொடங்கினார். 1984இல் சாகித்ய அகாதெமி விருது வரைக்கும் வந்தார். இவர்கள் எழுதியதும் காதல் கதைதான், கண்ணீர்க் கதைதான். ஆனால் தங்கள் காலத்துப் பெண்ணின் கழுத்தை எது இறுக்கியதோ அதைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். குழந்தைக் கல்யாணம், விதவையின் வாழ்க்கை, வரதட்சணை, படிக்க விடாத வீடு. அழவைத்துக்கொண்டே பேசவேண்டியதைப் பேசிவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரில் கல்கியில் தொடராக எழுதிய 'குறிஞ்சி மலர்'. அதில் வரும் பூரணி திருப்பரங்குன்றத்துப் பெண். தமிழ்ப் பேராசிரியராக இருந்த அப்பா இறந்துபோய்விடுகிறார். தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. அரவிந்தன் மதுரையில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், கவிதை எழுதுகிறவன். அந்தக் கதையைப் படித்துவிட்டுத் தமிழ்நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்தார்கள். பின்னால் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அரவிந்தனாக நடித்தவர் இன்று எல்லாருக்கும் தெரிந்த மு.க. ஸ்டாலின். அந்த நாவலின் லட்சியப் பேச்சுகள் சில இடங்களில் எனக்கே அதிகம்தான். ஆனாலும் பூரணியின் காதல் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் தம்பி படிப்புக்கும் நடுவில் வளர்கிறது. மலையடிவாரத்துத் தெருவில் இருந்து ஒருத்தி டவுனுக்கு வேலை தேடிப் போவது என்றால் என்ன என்று அந்தக் கதைக்குத் தெரியும். அந்த மலையை நான் தினமும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்க்கிறேன். கதையில் வந்த ஊர் என்பதால் அது எனக்கு இன்னும் கொஞ்சம் சொந்தம்.

இனி என் குறை.

இன்றைய காதல் நாவல்களில் காதலைத் தடுப்பது எது? அத்தை மகளின் சூழ்ச்சி. தவறாகப் புரிந்துகொண்ட ஒரு போன் பேச்சு. பையன் கோடீஸ்வரன், பெண் அவன் கம்பெனியில் வேலைக்கு வந்தவள். இப்போது போனில் பகுதி பகுதியாக வரும் கதைகளில் கதாநாயகன் பெண்ணை அறைகிறான், தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறான், கடைசியில் அதுவும் காதல்தான் என்று முடிக்கிறார்கள். அப்படிப்பட்ட கதையை என் அலமாரியில் வைப்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை. ஆனால் நல்ல கதைகளிலும், அன்பாக எழுதப்பட்ட கதைகளிலும், ஒன்றை மட்டும் காணோம். அவன் என்ன சாதி, அவள் என்ன சாதி என்று யாரும் கேட்பதே இல்லை. பங்களா இருக்கிறது, கார் இருக்கிறது, சமையல்காரம்மா இருக்கிறார், சாதி இல்லை. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் இருந்து என்னிடம் துணி கொடுக்க வருகிற பெண்களுக்குக் காதல் என்றதும் முதலில் எது நினைவுக்கு வருமோ, அது கதையில் ஒரு வரிகூட வருவதில்லை.

முகூர்த்த ப்ளவுஸ் தைக்கிறவளுக்குச் சில விஷயங்கள் யாரும் சொல்லாமலே தெரியவரும். ஒரு தை மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவு எடுத்தேன். சில வாரம் கழித்துப் போட்டுப் பார்க்க வந்தபோது இரண்டு இஞ்ச் தொளதொளவென்று நின்றது. பிடித்துத் தைத்தேன். வாங்க வந்த அன்றைக்கு மறுபடியும் தொளதொளப்பு. அம்மா பக்கத்திலேயே நின்றார். பெண்ணின் போன் அம்மா கையில் இருந்தது. "கல்யாணக் கவல, ஒழுங்கா சாப்பிட மாட்டேங்குறா" என்றார். பெண் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அவள் யாரை விரும்பினாள், அவன் எந்தத் தெரு, ஏன் இந்த அவசரக் கல்யாணம் என்பதெல்லாம் அவர்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் என்னிடம் நாவல் வாங்கிப் படித்த பெண். அவள் படித்த எந்த நாவலிலும் அவள் கதை இல்லை.

அவளுக்குக் கல்யாணம்தான் நடந்தது. உயிரே போன பிள்ளைகளும் உண்டு. 2015இல் கோகுல்ராஜ் என்ற பொறியியல் படித்த இளைஞர், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு எங்கள் ஊருக்குத்தான் மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அன்றைக்குத் தீர்ப்புச் செய்தியைப் படித்துவிட்டுக் கடையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அதே வாரம் வந்த காதல் கதைகளில் எதுவும் மாறவில்லை, அத்தை மகள் சூழ்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

இலக்கியம் என்று சொல்லப்படுகிற பக்கம் இதை எழுதியிருக்கிறார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி', இமையத்தின் 'பெத்தவன்' இரண்டையும் படித்தேன். சாதி தாண்டிய காதல் கல்யாணத்துக்குப் பிறகு இறந்துபோன தருமபுரி இளைஞர் இளவரசனுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்ட நாவல் 'பூக்குழி'. சாதி மாறிக் கல்யாணம் செய்து, கணவன் ஊருக்கு வந்து சேரும் சரோஜா என்ற பெண்ணின் கதை. 'பெத்தவன்' கதையில், மகளைக் கொல்லச் சொல்லி ஊர் ஒரு தகப்பனை நெருக்குகிறது. இரண்டும் பெரிய எழுத்து, எனக்குச் சந்தேகம் இல்லை. படித்த இரவுகளில் நான் தூங்கவில்லை. 'பூக்குழி'யை என்னிடம் வாங்கிப்போன ஒரு தங்கச்சி பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அக்கா, இது எங்க ஊர்லயே இருக்கு. ராத்திரி படுக்கப் போறப்ப இதையுமா படிக்கணும்?"

அவள் கேட்டது நியாயம். வெகுநாள் அதையே யோசித்தேன். நம்மிடம் இரண்டு விதமான கதைகள்தான் இருக்கின்றன. ஒன்றில் சாதி இருக்கிறது, சாவும் இருக்கிறது. இன்னொன்றில் கல்யாணம் இருக்கிறது, சாதி இல்லை. சாதியைத் தாண்டிக் காதலித்து, கல்யாணம் செய்து, உயிரோடும் சந்தோஷமாகவும் இருக்கிறவர்களின் கதையை எழுதுவது யார்? அப்படிப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாவல் இல்லை. சுபமாக முடிக்கத் தெரிந்த கை குடும்ப நாவல் எழுதுகிறவர்களுடைய கை. அதனால்தான் இந்த வேண்டுகோளை அவர்களிடம் வைக்கிறேன்.

கதைக்குப் பஞ்சமே இல்லை. வீடு பார்க்கப் போகிறார்கள். வீட்டுக்காரம்மா முதலில் சொந்த ஊர் எது என்பார், அடுத்து அப்பா பேர், அப்புறம் தயங்கித் தயங்கி "நம்ம ஆளுகதானே?" என்பார். அதற்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நொடியை ரமணிசந்திரன் மாதிரி ஒருவர் எழுதினால் நாலு பக்கம் விடாமல் படிப்போம். யாரும் வராத முதல் தீபாவளி இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்த நண்பர்கள் இருக்கிறார்கள். 1967இல் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமணத்துக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகையும் எட்டுக் கிராம் தங்கமும் இருக்கின்றன. அந்த விண்ணப்பத்தில் இரண்டு பேரின் சாதிச் சான்றிதழையும் இணைக்கவேண்டும். எதைத் தாண்டி வந்தார்களோ அதையே காகிதமாகக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒரு ஜோடி. எந்த நாவலில் படித்திருக்கிறோம் இதை?

என் கடையில் நடந்தது ஒன்று. வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் என் முன்னறையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். அம்மா ஊரில் இருந்து பஸ் ஏறி, திருநகர் மூணாவது ஸ்டாப்பில் இறங்கி, அளவு ப்ளவுஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் கேட்டால் தைக்கக் கொடுக்கப் போனேன் என்று சொல்லலாம் அல்லவா. மகள் கொஞ்ச நேரம் கழித்து வருவாள். நான் மிஷினைச் சத்தமாக ஓட்டிக்கொண்டிருப்பேன். குழந்தை பிறந்த பிறகு அப்பாவும் ஒரு நாள் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்று, பேரனை வெளியே கொண்டுவரச் சொன்னார். இப்போது அவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வருகிறார்கள். இந்தக் கதையைச் சொன்னால் அழாத பெண் இல்லை, அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்காத பெண்ணும் இல்லை.

இது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. ப்ளஸ் டூ தமிழ்ப் பாடத்தில் அகத்துறைகள் படித்தேன். காதலனோடு பெண் ஊரை விட்டுப் போவது உடன்போக்கு. அவள் காதலைப் பெற்றவர்களிடம் எடுத்துச் சொல்லி அவள் பக்கம் நிற்பது அறத்தொடு நிற்றல். கலித்தொகையில், ஓடிப்போன மகளைத் தேடி வெயிலில் அலைகிற செவிலித்தாயிடம் வழியில் வரும் பெரியவர்கள் பேசுகிறார்கள். சந்தனம் பூசிக்கொள்கிறவர்களுக்குத்தான், அதைப் பெற்ற மலைக்கு அல்ல. உன் மகளும் அப்படித்தான், அவள் போனது அறம், நீ வருந்தாதே என்று தேற்றி அனுப்புகிறார்கள். தேடிப் பிடித்து இழுத்து வா என்று சொல்லவில்லை. இரண்டாயிரம் வருஷப் பழமை பேசுகிற ஊர் இது. அந்தப் பெரியவர்கள் பேசியதை இன்றைக்கு ஒரு மாத நாவலில் ஒரு தாத்தா பேசக்கூடாதா?

எழுதப் பயமாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. 2015 ஜனவரியில், தன் ஊரைப் பற்றி எழுதியதற்காக நெருக்கப்பட்ட பெருமாள்முருகன், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம் அவர் எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். ஆனால் எல்லாச் சாதிப் பெயரையும் பட்டவர்த்தனமாக எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் தெரு வேறு, அவன் தெரு வேறு என்று எழுதினாலே எங்களுக்குப் புரியும். எங்களுக்கா புரியாது?

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது ஒரு கடைக்காரரிடம் இப்படி ஒரு நாவல் வந்திருக்கிறதா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் போட்டா விக்காதும்மா. வீட்டுல யாரு வாங்கிக் குடுப்பா?" என்றார். எங்களுக்கு யாரும் நாவல் வாங்கிக் கொடுப்பதில்லை. ஹூக் வைத்த காசில், பால் காசில், சீட்டுக் காசில் மிச்சம் பிடித்து நாங்களே வாங்குகிறோம், ஆளுக்கு ஆள் கை மாற்றிப் படிக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்னால் 'ஜகன்மோகினி' வாங்கிய பெண்களும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். விதவைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற கதை அன்றைக்கு எத்தனை வீடுகளில் கோபத்தைக் கிளப்பியிருக்கும். ஆனாலும் அந்தப் பத்திரிகை பல வருஷம் வந்தது, வாங்கியவர்கள் பெண்கள்.