சர்வரை எடுத்துவிட்டால் சுமை சமமாகிவிடாது

நடுவில் சர்வர் இல்லாவிட்டால் எல்லாக் கணினிகளும் சமம், சுமை தானாகப் பரவிக்கொள்ளும், ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். பியர் டு பியர் வலையமைப்புகளைப் பற்றிக் கணினி படித்தவர்கள்கூட இப்படித்தான் நம்புகிறார்கள். கால் நூற்றாண்டு அனுபவம் இதற்கு நேர்மாறாக இருந்தும் அந்த நம்பிக்கை அசைந்தபாடில்லை.

2000ஆம் ஆண்டிலேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஈடன் அடார், பெர்னார்டோ ஹூபர்மேன் இருவரும் நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பை அலசினார்கள். பயனர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. தேடியவர்களுக்குக் கிடைத்த பதில்களில் கிட்டத்தட்டப் பாதி, வெறும் 1 சதவீதக் கணினிகளிலிருந்து வந்தது.

அடுத்த ஆண்டு பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை, பயனர்களின் நல்ல மனதை நம்பவில்லை. யார் தனக்கு எவ்வளவு தருகிறார் என்பதை ஒவ்வொரு கணினியும் சில விநாடிகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, பெரும்பாலும் கொடுப்பவருக்கே திருப்பிக் கொடுத்தது.

"ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்" என்பவர்கள் 2010 டிசம்பர் 22 அன்று இணைய அழைப்புச் சேவையான ஸ்கைப்புக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். அப்போது ஸ்கைப்பின் முகவரிப் புத்தகம்போல வேலை செய்தவை சூப்பர்நோடுகள். அவற்றில் பெரும்பாலானவை சாதாரணப் பயனர்களின் கணினிகள்தான். அன்று சில சர்வர்களிலிருந்து பதில் தாமதமாக வந்தது. அதைச் சரியாகக் கையாளத் தெரியாத, விண்டோஸுக்கான ஸ்கைப் பதிப்பு ஒன்று முடங்கியது. கூடவே 25 முதல் 30 சதவீத சூப்பர்நோடுகளும் போயின. மிஞ்சியவை தாங்கினவா? முடங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மறுபடி உள்ளே நுழைய முயன்றதால், அவற்றின்மேல் வழக்கத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுமை விழுந்தது. அளவுக்கு மீறிய பாரம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருந்ததால் அவையும் ஒதுங்கின. பாரம் இன்னும் ஏறியது. கடைசியில் நிறுவனமே தன் சொந்த இயந்திரங்களை ஆயிரக்கணக்கில் சூப்பர்நோடுகளாக இறக்கித்தான் சுமார் ஒரு நாளில் சேவையை மீட்டது.

விபத்தில் இப்படி என்றால், வேண்டுமென்றே ஏமாற்றுபவர் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பில், போக்குவரத்தைக் கைமாற்றும் கணினிகளான ரிலேக்களில் வேகமானவற்றுக்கு அதிகப் போக்குவரத்து போகும், நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தொடக்கத்தில் அந்த வேகத்தை ரிலேக்களே சொல்லிக்கொண்டன. இல்லாத வேகத்தைச் சொல்லிப் பிறர் போக்குவரத்தைத் தன் பக்கம் இழுக்க முடியும் என்று 2007இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். சுமையைப் பங்கிடும் விதியே உளவு பார்ப்பவருக்கு வாசலாகிவிட்டது. நியாயம் தனி, பாதுகாப்பு தனி என்று இனியும் எவரும் பிரித்துப் பேச முடியாது. இப்போது டாரில் ரிலேக்களின் வேகத்தைத் தனியாக அளந்து பார்க்கும் கணினிகள் இருக்கின்றன.

அளப்பதற்கு ஆள் வைத்தால் மையம் பின்வாசல் வழியே வந்துவிடும் என்று சிலர் பதறுகிறார்கள். ஆனால் ஒரே ஆள் நூறு பெயரில் நுழைவதை, அடையாளத்துக்குச் சான்று தரும் பொது அமைப்பு ஒன்று இல்லாமல் நடைமுறையில் தடுக்க முடியாது என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டூசர் 2002இலேயே நிறுவிவிட்டார். 2014 ஜனவரி இறுதியில் டாரில் அதுதான் நடந்தது: ஒரே கூட்டத்தைச் சேர்ந்த சுமார் 115 ரிலேக்கள் நுழைந்து, ஐந்து மாதங்களுக்கு மேல் பயனர்களின் போக்குவரத்தில் அடையாளக் குறியிட்டன. ஜூலை 4 அன்று அவற்றைக் கண்டுபிடித்து வெளியேற்றியவர்கள், டார் திட்டத்தில் வேலை செய்த மனிதர்கள்.