வீட்டுப்பாடம் வாட்ஸ்ஆப்பில் வரலாமா?

நாவலூரில் நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவுப் பணி செய்யும் பெண்மணி ஒருவர், ஏழாம் வகுப்பு படிக்கும் தம் மகளுக்காகக் கடந்த ஆண்டு தவணை முறையில் அறிதிறன்பேசி ஒன்றை வாங்கினார். ஆடம்பரத்துக்காக அல்ல. வீட்டுப்பாடம் மாலையில் வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் வரும். தாய் வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அதுவரை காத்திருந்தால் பாடம் எழுத முடியாது. எழுதாவிட்டால் மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும்.

மூன்றே மாதங்களில் அந்தச் சிறுமி யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போனாள். குழுவிலிருந்து அவளது எண்ணை எடுத்த எவரோ, பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலப் பேச்சைத் தொடங்கி, பின்னர் படம் அனுப்பச் சொல்லி மிரட்டியிருக்கிறார். தாய் பள்ளியில் முறையிட்டபோது, 'இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஏன் போன் வாங்கிக் கொடுத்தீர்கள்?' என்று கேட்டார்களாம்.

அந்தக் கேள்வியைப் பள்ளிகளிடமே திருப்பிக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சிறாரும் சமூக வலைதளங்களும் என்பது இன்று உலகெங்கும் விவாதப் பொருள். 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய சட்டத்தை இங்கும் இயற்றுவது குறித்து மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு கருத்து தெரிவித்தது. 18 வயது நிறைவடையாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது நமது 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இந்த விவாதங்களில் நிறுவனங்களின் பொறுப்பு பேசப்படுகிறது; பெற்றோரின் கடமை பேசப்படுகிறது. குழந்தையை அந்த வாசலுக்கு அழைத்துச் செல்லும் பள்ளியின் பங்கு மட்டும் பேசப்படுவதில்லை.

2020 மார்ச்சில் கரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியில்லாமல் வாட்ஸ்ஆப் வகுப்பறையானது. 2021 நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கும் தமிழகத்தில் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால், நெருக்கடிக்காக வந்த ஏற்பாடு பல பள்ளிகளில் நிரந்தரமாகிவிட்டது. வாட்ஸ்ஆப்பும் இன்ஸ்டாகிராமும் தங்கள் விதிகளிலேயே குறைந்தபட்ச வயது 13 என்கின்றன. ஏழாம் வகுப்பு மாணவிக்கு வயது பன்னிரண்டு. விதியை மீறுவதற்கான முதல் பாடத்தைக் குழந்தை பள்ளியின் வழியாகவே கற்கிறது.

பொருளியலில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஆலைக்கு ஆதாயம்; அதன் புகையால் வரும் இருமல் ஊருக்கு. இங்கும் அதுவே நிகழ்கிறது. குழு தொடங்கப் பள்ளிக்குச் செலவு ஏதுமில்லை. தவணைத் தொகையும், மாதந்தோறும் இணையக் கட்டணமும், இரவுக் காவலும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பெற்றோர், வீட்டிலிருந்தபடி மகளின் கைப்பேசியைக் கண்காணிக்கக் கூடும். அந்த அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் தாய்க்கு அந்த வசதி இல்லை. 'வேண்டாமென்றால் வாங்காதீர்கள்' என்பதும் பொருந்தாது. வகுப்பே குழுவில் இருக்கும்போது ஒரு குடும்பம் மட்டும் விலகி நிற்க இயலாது.

நம் பிள்ளைகள் எந்த அளவு ஆயத்தமாக உள்ளனர்? ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயது வரையிலானோரை ஆய்வு செய்த 2024-ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கை, அதற்கு முந்தைய வாரத்தில் கல்விக்காக அறிதிறன்பேசியைப் பயன்படுத்தியோர் 57 சதவீதம், சமூக வலைதளங்களுக்காகப் பயன்படுத்தியோர் 76 சதவீதம் என்கிறது. சமூக வலைதளங்களைப் பயன்படுத்துவோரிலும், தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ அது பற்றிப் புகார் அளிக்கவோ தெரிந்தவர்கள் 62 சதவீதத்தினர் மட்டுமே. பாடத்துக்காக வாங்கிய கருவி பாடத்தோடு நிற்பதில்லை. தற்காப்பையும் யாரும் கற்றுத் தருவதில்லை.

தாள்செலவு மிச்சம், தகவல் உடனே சேரும், ஆசிரியரின் பணிச்சுமை குறையும் என்பார்கள். உண்மைதான். பெற்றோருக்கு அவசரத் தகவல் அனுப்பக் குறுஞ்செய்தி போதும். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளப் பத்து நிமிடங்கள் போதும். தலைமுறை தலைமுறையாக நாம் அப்படித்தான் படித்தோம்.

எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்துக்குக் கைப்பேசி கட்டாயமில்லை என்று பள்ளிக் கல்வித் துறை தெளிவாக ஆணையிட வேண்டும். மாணவர்களின் எண்கள் எந்தக் குழுவிலும் இடம்பெறக் கூடாது. சேர்க்கை விளம்பரத்துக்காகப் பிள்ளைகளின் முகங்களை முகநூலில் பதிவேற்றும் வழக்கமும் ஒழிய வேண்டும். 1098, 14417 ஆகிய உதவி எண்கள் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும். புகாருடன் வரும் குழந்தையிடம் முதலில் கேட்கப்படுவது 'ஏன் வைத்திருந்தாய்?' என்பதாக இருக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பல குழந்தைகள் வாய் திறப்பதில்லை.

என் யோசனைப்படி அந்தத் தாய் 1098-ஐ அழைத்தார். மிரட்டல் நின்றது. சிறுமி மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியிருக்கிறாள். ஆனால், வீட்டுப்பாடம் இன்றும் அதே குழுவில்தான் வருகிறது. கைப்பேசிக்கு இன்னும் நான்கு தவணைகள் பாக்கி.