வட்டியும் கூலியும் விசுவாசத்துக்குப் புறம்பானவை அல்ல

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சி வறண்ட ஊர் அல்ல. இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே பாய்கிற மண் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணியில்லாதிருந்த குடும்பங்கள் 1950களில் குடியேற்றத் திட்டத்தின் கீழ் வந்து, காடு வெட்டி, பாம்புக்கும் நுளம்புக்கும் ஈடுகொடுத்து உருவாக்கிய ஊர். வயலும் மேட்டுக்காணியும் தென்னையும் மாடும் உள்ள இப்படியோர் ஊரில், கிழமைக் கடனைக் கட்டுவதற்கு இன்னொரு கிழமைக் கடன் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன என்றால், மழையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. உழைப்புக்கு இன்ன விலை, பணத்துக்கு இன்ன விலை என்று தீர்மானிப்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை உலக அரங்கில் உரத்துக் கேட்ட அமைப்புகளில் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒன்று. 13ஆம் லியோ பாப்பரசர் 1891 மே 15ஆம் திகதி 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்ட நாளிலிருந்து கூலி, சொத்து, வட்டி, தொழிற்சங்கம், அரசின் கடமை என்று அதன் சமூகப் போதனை வளர்ந்து வந்திருக்கிறது. 2025 மே மாதம் தெரிவான புதிய பாப்பரசர் 14ஆம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டதற்குச் சொன்ன காரணமும் அந்தச் சுற்றுமடல்தான். ஆனால் வன்னிப் பங்குகளின் ஞாயிறு பிரசங்கங்களில் இந்தப் போதனைக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அது பெரிதாக வேண்டும் என்பதும், பிரசங்கத்தோடு நின்றுவிடவும் கூடாது என்பதும் எமது நிலைப்பாடு.

கடன் எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2009 ஜனவரியில், இறுதிப் போரில், கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தபோது வட்டக்கச்சி மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் கிழக்கே நகர்ந்தார்கள். விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போய், மெனிக் பாம் முகாமில் கிடந்து, திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, பட்டியில் மாடும் இல்லை. ஏ-9 வீதி திறந்ததும் முதலில் வந்து சேர்ந்தவர்களில் லீசிங், நிதி நிறுவனங்களும் இருந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த 5,50,000 ரூபாய் சுவர் எழும்பப் போதுமாக இருந்தது. கதவு, நிலை, சீமெந்துத் தரை என்று வரும்போது நகை அடகுக்குப் போனது, பிறகு கடன் வந்தது. பின்னர் வறட்சி. அதன் பின்னர் 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளம். 2021இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உரம் நிறுத்தப்பட்டது. 2022இல் நாடே வங்குரோத்தானது. ஒவ்வொரு தடவையும் பழைய கடனின்மேல் புதிய கடன் ஏறியது.

நுண்கடன் என்ற இந்த ஏற்பாட்டின் பொறிமுறை எளிது. அயலில் உள்ள நாலைந்து பெண்களைக் குழுவாக்குவார்கள். ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. கிழமையில் ஒரு நாள், யாராவது ஒருவருடைய முற்றத்தில் கூட்டம். ஒருவர் தவணையைக் கொண்டுவராவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை யாரும் எழும்ப முடியாது. அதாவது, கடனை அறவிடும் வேலையை நிறுவனம் அயலவரின் கையில் கொடுத்துவிடுகிறது. சீனி கடன் வாங்கி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வயலுக்குப் போன உறவு முறிகிறது. கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்று இன்னும் தெரியாத பெண்கள் குடும்பம் நடத்தும் மாவட்டத்தில் இது எத்தகைய கொடுமை என்று விளக்கத் தேவையில்லை.

வடக்குக்கு மட்டும் உரிய துயரம் என்றும் இதை எண்ணிவிடக் கூடாது. 2021 மார்ச்சில் பொலன்னறுவையின் ஹிங்குராக்கொடவில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதற்கு முன்பே, 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இந்தக் கடன்களின் வட்டியையும் அறவிடும் முறையையும் கடுமையாகக் கண்டித்திருந்தார். அதே ஆண்டு அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கடன் வாங்க வேண்டிய நிலைமை அப்படியே இருக்க, ஒரு தடவை கடனை மட்டும் அழித்தால் என்ன ஆகும்? அடுத்த சிறுபோகத்துக்கு கடன் அறவிடுபவரின் அதே மோட்டார் சைக்கிள் மறுபடியும் படலைக்கு வரும்.

"அவர்கள் விரும்பித்தானே கையெழுத்து வைத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். இதற்கு 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே பதில் இருக்கிறது. அன்றைய ஆலை முதலாளிகளும் இதையே கேட்டார்கள்: தொழிலாளி ஒப்புக்கொண்ட கூலியைக் கொடுத்துவிட்டோம், இதில் அநீதி எங்கே? 13ஆம் லியோ அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்துக்கு மேலே ஒரு நீதி இருக்கிறது. சிக்கனமாக வாழ்கிற ஒரு தொழிலாளியைத் தாங்கக் கூடியதாகக் கூலி இருக்க வேண்டும். வேறு வழியில்லாமலோ இன்னும் மோசமான கேட்டுக்குப் பயந்தோ ஒருவர் குறைந்த கூலிக்கு இணங்கினால் அவர் வன்முறைக்கு ஆளானவர் என்பது அவருடைய வாதம். கூலிக்குச் சொன்னது வட்டிக்கும் பொருந்தும். விதைநெல் வாங்க வேறிடம் இல்லாத பெண் வைக்கிற கையெழுத்தில் இருப்பது அவருடைய நெருக்கடி. அதைச் சம்மதம் என்று வாசிப்பது நேர்மையாகாது. அதே சுற்றுமடல் பேராசை பிடித்த கடுவட்டியையும் பெயர் சொல்லிக் கண்டித்திருக்கிறது.

கண்டிப்பது சுலபம். திருச்சபையின் வரலாற்றில் எம்மைக் கவர்வது இன்னொரு பக்கம். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஏழைகள் வட்டிக்காரரிடம் சிக்கியபோது பிரான்சிஸ்கன் துறவிகள் 1462இல் பெருஜியா நகரில் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்றைத் திறக்க வைத்தார்கள். ஊராரிடம் திரட்டிய பணத்தில், பொருளை ஈடாக வாங்கிக்கொண்டு குறைந்த செலவில் கடன் கொடுத்தார்கள். ஊழியரின் சம்பளத்துக்கும் கணக்கு வழக்குக்கும் என்று சிறு தொகை அறவிடுவது பாவமா இல்லையா என்று இறையியலாளர்கள் அரை நூற்றாண்டு சண்டை பிடித்தார்கள். 1515இல், 10ஆம் லியோ பாப்பரசர் காலத்தில், ஐந்தாம் லாத்தரன் சங்கம் தீர்ப்புச் சொன்னது: நடத்தும் செலவுக்கு மட்டும் வாங்கலாம், இலாபத்துக்கு வாங்கக் கூடாது. கடுவட்டியை விரட்ட வேண்டுமானால் அதைவிட மலிவான பணம் ஊரில் இருக்க வேண்டும் என்று அந்தத் துறவிகளுக்குத் தெரிந்திருந்தது. நிதி நிறுவனங்களை நாளையே கிளிநொச்சியிலிருந்து துரத்திவிட்டால் அந்த இடத்தை மீற்றர் வட்டிக்காரர் பிடிப்பார். அவரிடம் பற்றுச்சீட்டும் இல்லை, இரக்கமும் இல்லை.

மாற்று என்ன என்பதற்கு நாம் இத்தாலிவரை போகத் தேவையில்லை. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக் காட்டிய சமூகம் எங்களுடையது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்பது வன்னியில் கேள்விப்படாத பெயரும் அல்ல. அங்கத்தவர் மாதாமாதம் சேமித்து, அந்தப் பணத்தை அங்கத்தவருக்கே கடனாகக் கொடுத்து, வரும் வட்டியை மறுபடி சங்கத்துக்குள்ளேயே வைத்திருக்கும் ஏற்பாடு. திருச்சபையின் போதனையும் இந்தத் திசையையே காட்டுகிறது. சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது என்பது 11ஆம் பத்திநாதர் பாப்பரசர் 1931இல் வகுத்த கொள்கை. 23ஆம் யோவான் பாப்பரசர் 1961இல் எழுதிய சுற்றுமடல் கமக்காரர்களுக்கென்று நீண்ட பகுதியை ஒதுக்கி, கூட்டுறவாக இணையுங்கள் என்று வற்புறுத்தியது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போரில் நொந்துபோன மொன்றகோன் என்ற பாஸ்க் ஊரில் ஒரு பங்கு உதவிக் குரு பயிற்றுவித்த இளைஞர்கள் 1956இல் தொடங்கிய சிறு பட்டறை, இன்று உலகின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளில் ஒன்று. போருக்குப் பிந்திய ஊர் என்பதால் அந்தக் கதை எமக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சங்கங்களின் குறைகளும் எமக்குத் தெரியும். அரசியல்வாதியின் கையாள் தலைவராவதும், கணக்காய்வு ஆண்டுக்கணக்கில் பிந்துவதும், நிர்வாகசபை உறவினருக்கே கடன் போவதும் நடந்திருக்கிறது. நம்பிக்கையுள்ள ஒரு மூன்றாம் தரப்பு அருகில் நின்றால் இவற்றில் பாதி குறையும். பங்குத் தந்தை அந்த இடத்தில் நிற்கலாம். தலைவராக வேண்டாம், மண்டபத்தைத் திறந்து கொடுத்து, கணக்கைப் பகிரங்கமாக வாசிக்கச் சொல்பவராக இருந்தால் போதும்.

கூலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2018 ஜூனில், வட்டக்கச்சிக்குக் கிழக்கே விசுவமடுவில், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளுக்குப் பொறுப்பாக இருந்த இராணுவ அதிகாரி கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது முன்னாள் போராளிகள் அழுது வழியனுப்பினார்கள். அதைத் துரோகம் என்று திட்டினோர் பலர். அந்தப் பண்ணைகளில் மாதம் தவறாமல் சம்பளம் கிடைத்தது என்பதையும், அதே பிரதேசத்தில் மாகாணத்தின் கீழிருந்த முன்பள்ளி ஆசிரியைகள் அதில் சிறு பகுதியையே கொடுப்பனவாகப் பெற்றார்கள் என்பதையும் திட்டியவர்கள் பேசவில்லை. இராணுவம் சம்பளம் கொடுத்து ஒரு சமூகத்தைத் தன்னில் தங்கியிருக்க வைப்பது தவறு என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நியாயமான கூலி கொடுக்காத சமூகத்துக்கு அந்தத் தவறைக் கண்டிக்கும் உரிமை பாதிதான். திருச்சபையும் இதற்குள் அடங்கும். நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் தாம் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு உலக ஆயர் மாமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கோவில் முன்பள்ளி ஆசிரியைக்கும் உபதேசியாருக்கும் குருமனைச் சமையற்காரம்மாவுக்கும் என்ன சம்பளம், ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்பதைப் பங்குச் சபைகள் இவ்வாண்டே வெளியில் சொல்லட்டும்.

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் வன்னித் திருச்சபைமீது எமக்குள்ள மதிப்புத்தான். போர்க்காலத்தில் அது ஓடி ஒளியவில்லை. கருணாரட்ணம் அடிகளார் 2008 ஏப்ரலில் கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். உருத்திரபுரம் பங்குத் தந்தை சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரை மக்களோடு நின்று 2009 மே 18இல் உயிர்விட்டார். அதே நாள்களில் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு காணப்பட்ட பிரான்சிஸ் யோசப் அடிகளார் எங்கே என்று இன்றுவரை பதில் இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011இல், இறுதிப் போரில் என்ன ஆனார்கள் என்று தெரியாத 1,46,679 பேருக்குக் கணக்குக் கேட்டார். போருக்குப் பின்னரும் இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடியோடு படகேறி, கடற்படையின் பிடியில் இருந்த தம் சொந்தத் தீவில் இறங்கியபோது குருமார் கூட இருந்தார்கள். காணிக்காகவும் காணாமற்போனோருக்காகவும் பேசும்போது திருச்சபைக்கு அந்தத் துணிவு உண்டு. கடன், கூலி என்று வரும்போது குரல் இறங்கிவிடுகிறது. அவற்றைப் பற்றிப் பேசுவது இந்த நாட்டுத் திருச்சபைக்குப் புதிய பாதையும் அல்ல. 1930களிலேயே பீற்றர் பிள்ளை அடிகளார் பாப்பரசர்களின் சமூகச் சுற்றுமடல்களைக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்பில் சமூக நீதி இயக்கம் நடத்தினார்.

ஒரு எச்சரிக்கை. வட்டக்கச்சியில் சைவர்களே பெரும்பான்மை. கடனைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் முழு முயற்சியும் கெடும், கெடவும் வேண்டும். ஆகவே சங்கம் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவானதாகவும், எச்சமயத்தவருக்கும் திறந்ததாகவும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கமக்காரர் அமைப்பையும் ஆலய பரிபாலன சபைகளையும் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்க வேண்டும். 1963இல் 23ஆம் யோவான் தமது சமாதானச் சுற்றுமடலை நல்மனம் கொண்ட அனைவருக்கும் என்று முகவரியிட்டார். அந்த முகவரிக்குள் வட்டக்கச்சிப் பிள்ளையார் கோவில் தர்மகர்த்தாவும் அடக்கம்.

அரசுக்கும் கடமை உண்டு. வட்டிக்கு உச்சவரம்பு, வீட்டு வாசலில் அறவிடுவதற்குத் தடை, கடன்காரர் முறையிட ஒரு சுயாதீன அமைப்பு ஆகிய மூன்றையும் பாராளுமன்றம் தாமதியாமல் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாண மறைமாவட்டத்தையும் பங்குகளையும் நாம் கேட்பது இதைவிடச் சிறியது, உடனே செய்யக்கூடியது. திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஊர்ச் சங்கத்தின் முதல் வைப்பாகப் போடுங்கள். ஐப்பசியில் காலபோக விதைப்புத் தொடங்கும். அதற்கு முன்னர் சங்கத்தின் பணம் வட்டக்கச்சிப் பெண்களின் கைக்குப் போய்ச் சேரட்டும்.