அடுக்களையில் ஒரு தரிசனம்

ஈஸ்டர் பண்டிகை என்றதும் மாதா கோயில் மணியும், மெழுகுவர்த்திகளின் ஒளியும், வெண்மலர்களுமே ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் சுவிசேஷங்களைத் திறந்து பார்த்தால் ஒரு விநோதம் புலப்படும். உயிர்த்தெழுந்த இயேசு ஆலயத்திலாவது அரண்மனையிலாவது காட்சி தரவில்லை. மகதலேனா மரியாள் அவரைக் கண்டபோது தோட்டக்காரன் என்றே எண்ணினாள். திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாத சீஷர்களுக்காக, அவர் கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். எம்மாவுக்குப் போகும் சாலையிலோ இருவருடன் வழிப்போக்கராகவே நடந்தார்.

இந்த எம்மாவு வரலாற்றை லூக்கா எழுதியிருக்கிறார். எருசலேமிலிருந்து அவ்வூர் ஏறக்குறைய 7 மைல். துக்கத்தோடு நடந்த சீஷர் இருவரும் கூட வந்தவரை அறிந்துகொள்ளவில்லை. பொழுது சாய்ந்துவிட்டதென்று வற்புறுத்தி அவரைத் தங்கச் செய்தார்கள். பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த கணத்திலே அவர்கள் கண் திறந்தது, அவரோ மறைந்துபோனார். வழியெல்லாம் வேத வியாக்கியானம் கேட்டும் விளங்காத உண்மை, அப்பம் பிட்ட கைகளால் விளங்கியது!

இவ்விருந்தைச் சித்திரமாகத் தீட்டியவர் பலர். அவர்களுள் ஸ்பெயின் தேசத்து வெலாஸ்கெஸ் எழுதிய படம் ஒன்று என் மனத்தை விட்டு அகலுவதில்லை. 1599-ல் ஸெவில் நகரில் பிறந்த அவர், ஏறக்குறைய 18 வயதில் அதை எழுதினார். இன்று அது டப்ளின் நகரில், அயர்லாந்து தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது. படத்தின் முன்புறத்தில் நிற்பவள் கருநிறப் பணிப்பெண் ஒருத்தி. ஆப்பிரிக்க அடிமைகள் பலர் உழைத்த நகரம் அக்காலத்து ஸெவில். மேஜையின்மேல் ஜாடி, கிண்ணங்கள், உரல், பூண்டு. வேலைக்கு நடுவே அவள் தலை சற்றே சாய்ந்திருக்கிறது, எதையோ உற்றுக் கேட்பவள் போல.

வெகுகாலம் வரை இது வெறும் அடுக்களைக் காட்சி என்றே எண்ணப்பட்டது. 1933-ல் படத்தைச் சுத்தம் செய்தபோது, மேற்பூச்சின் அடியிலிருந்து, அவளுக்குப் பின்னால் ஒரு திறப்பு வெளிப்பட்டது. அதன் வழியே அடுத்த அறை தெரிகிறது. அங்கே பந்தியில் அமர்ந்திருக்கிறார் இயேசு!

கூடவே நடந்தவர்கள் அறியாததை, பாத்திரம் துலக்கும் பெண் குரலைக் கேட்ட மாத்திரத்தில் அறிந்துகொண்டாளோ? சுவிசேஷத்தில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் விருந்தொன்று நடந்தால், சமைத்தவரும் பரிமாறியவரும் இருந்துதானே ஆகவேண்டும்? அவர்களை மறந்த பந்தியில் ஆண்டவன் எப்படி அமர்வான்? இளைஞர் வெலாஸ்கெஸ் இதைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் சரித்திர ஆசிரியன். மன்னர்களின் பெயர்களையும் யுத்தங்கள் நடந்த வருஷங்களையும் பிள்ளைகளிடம் ஒப்புவிக்கக் கேட்டே இருபது வருஷம் கழித்துவிட்டேன். அம்மன்னர்களுக்குச் சோறாக்கியவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தைத் தினந்தோறும் பெருக்கும் மூதாட்டியின் பெயரைக்கூட, இப்படத்தைப் பற்றி அறிந்த பிறகுதான் வெட்கத்துடன் விசாரித்தேன். சித்திரத்தின்மேல் படிந்த பூச்சைத் துடைத்தெடுக்க வல்லுநர் இருக்கிறார்கள். நம் கண்மேல் படிந்ததை நாம்தான் துடைத்துக்கொள்ளவேண்டும்.

நேயர்களே, ஈஸ்டர் ஆனாலும் வேறெந்தப் பண்டிகை ஆனாலும், விருந்துண்டு எழுந்ததும் ஒருமுறை அடுக்களைப் பக்கம் எட்டிப் பாருங்கள். அங்கே நிற்பவரை, சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள்.