திரையிசைக் கல்வி: தலைமையும் பாடத்திட்டமும்

பல்கலைக்கழகத் துறையொன்றில் தலைவர் மாறுவது வெளியாருக்கு வெறும் அலுவலகச் செய்தி. திரைப்படப் பின்னணி இசையைக் கற்பிக்கும் துறையில் அது அவ்வளவில் நிற்பதில்லை. அங்குத் தலைவரின் தொழிலனுபவமே பெரிதும் பாடத்திட்டமாக உருவெடுக்கிறது.

அமெரிக்காவின் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் ஹங்கேரியரான மிக்லோஸ் ரோஷா திரையிசையைக் கற்பித்தார். பின்னாளில் பெரும்புகழ் எய்திய ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அவ்வகுப்பில் அமர்ந்தவர். பிறகு டிஸ்னி நிறுவனத்தின் இசையமைப்பாளர் பட்டி பேக்கர் அத்துறையைப் பொறுப்பேற்று நடத்தினார்; 2002இல் அவர் மறைந்தார். பின்னாளில் தலைமை டேனியல் கார்லினிடம் வந்தது. கார்லின் இசைத்தொகுப்பாளராகப் பெயர்பெற்றவர். இசை எக்கணத்தில் தொடங்க வேண்டும், எங்கே ஓய வேண்டும், இயக்குநர் கடைசி நேரத்தில் காட்சியைச் சுருக்கினால் எழுதி முடித்த இசையை எவ்வாறு காப்பது என்பனவே இசைத்தொகுப்பாளரின் அன்றாடக் கவலைகள். சுரம் எழுதத் தெரிந்த மாணவர் பலருக்குத் தெரியாத கலை இது. இசைக்கல்லூரி இத்தகையவரைத் தலைமையில் அமர்த்தத் துணிந்தது என்பதையே நாம் கருத வேண்டும்.

தமிழ்த் திரையுலகில் அக்காலத்தில் துறையும் இல்லை, துறைத்தலைவரும் இல்லை. ஆயினும் கல்வி நடந்தது. 1952இல் சி.ஆர். சுப்பராமன் இளம் வயதில் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற படங்களை உதவியாளர்களான விசுவநாதனும் இராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தனர். ஜி.கே. வெங்கடேஷிடம் பணியாற்றித் தேர்ந்தவர் இளையராஜா. ஆசான் போனாலும் வித்தை போகவில்லை. எனினும் அது ஏட்டில் ஏறவும் இல்லை. அருகிருந்து கேட்க வாய்த்தவனுக்கே அக்கல்வி கிடைத்தது. இளையராஜாவின் பெயரில் இசைக்கற்றல், ஆய்வு மையம் அமைக்கச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2024 மே மாதத்தில்தான் ஒப்பந்தம் செய்தது. காலந்தாழ்ந்த செயலாயினும் வரவேற்கிறோம்.

இனி நம் நாடான மலேசியாவுக்கு வருவோம். முதல் மலாய்த் திரைப்படமான 'லைலா மஜ்னு'வை 1930களில் இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர். நடிகர் பி. ரம்லி கதைநாயகராக முதன்முதல் தோன்றிய 'பக்தி'யை 1950இல் இயக்கியவர் சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். ஆகவே மலேசியத் திரைக்கலையில் நமக்குள்ள உரிமை இரந்து பெறுவதன்று. 2015இல் வெளிவந்த 'ஜகாட்' தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் கதையைச் சொல்லி, மறு ஆண்டு மலேசியாவின் சிறந்த படமெனும் விருதைப் பெற்றது. நம் வாழ்வு திரைக்கு வந்துவிட்டது. அவ்வாழ்வின் ஒலி வகுப்பறைக்கு வர வேண்டாமா?

ஜாசின் வட்டாரத்துப் பெம்பானில் வளரும் இளைஞன் உறுமிமேளத்தைக் கேட்டே வளர்கிறான். சாவுக்கு ஒரு நடை, சாமிக்கு ஒரு நடை என்று அவன் காது பிரித்தறியும். காட்சியின் உணர்ச்சிக்கேற்பத் தாளம் தேர்வதுதான் பின்னணி இசையின் முதற்பாடம் என்றால், அவன் அதைப் பாதி கற்றே பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறான். அங்கே அயல்நாட்டு வாத்தியக்குழுவுக்கு எழுதப் பழகட்டும்; அது தேவை. கணினி வழி ஒலிப்பதிவும் தேவை. ஆனால், உறுமியும் தவிலும் மலாய் நரம்பிசைக் கருவியான காம்பூஸும் விருப்பப்பாடத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பதை ஏற்பதற்கில்லை.

புதுத் தலைமையேற்போர் பாடத்தலைப்புகளைப் புதுப்பிப்பது எளிது. மென்பொருளை மாற்றுவது அதனினும் எளிது. ஆசிரியர் பட்டியலை மாற்றத்தான் துணிவு வேண்டும். உறுமிக் கலைஞரை ஆசிரியராக்கச் சொன்னால், பட்டமில்லாதவரை எவ்வாறு அமர்த்துவது என்று வினவுவர். மலேசியத் தகுதி முகமை, பணியனுபவத்தையே தகுதியாக ஏற்று மாணவரைச் சேர்க்கும் 'ஏப்பல்' முறையை ஏற்கெனவே நடத்தி வருகிறது. மாணவருக்குத் திறந்த அக்கதவை ஆசிரியருக்கும் திறக்கலாம். உள்ளூர்ப் படமொன்றின் காட்சிக்கு இசையமைப்பதை இறுதித்தேர்வில் கட்டாயமாக்கலாம். அதை மதிப்பிடும் குழுவில் உறுமிக் கலைஞர் ஒருவருக்கும் இருக்கை அளிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. துறைக்குழுவின் ஒரு தீர்மானத்தில் தொடங்கலாம்.