வாங்கும் கை மட்டுமா நமக்கு?

வெளிநாட்டில் தொண்டு செய்யும் மாணவர் குழுவைப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்க வேண்டுமென்று நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடுவதற்கு முன் ஒன்று கேட்போம்: அறையும் முத்திரையும் கிடைத்தால் போதுமா? விமானக் கட்டணம், விசா, காப்பீடு எல்லாம் மாணவர் தலையில் என்றால் யார் போவார்கள்? உதவித்தொகை எப்போது வரும் என்று காத்திருக்கும் விடுதி மாணவியா?

1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த உதவித்தொகையில். தகுதி அவருடையது, கப்பலேற்றியது அந்தப் பணம். 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் அரசு நிதியில்தான் நடக்கிறது. உள்ளூர் முகாமுக்குப் பொதுப்பணம் உண்டென்றால், வெளிநாட்டு முகாமுக்கு மட்டும் ஏன் சொந்தப்பணம்?

ஆகவே, கையெழுத்துக்கு முன் கோரிக்கை. முழுச் செலவையும் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு குழுவின் விதியிலேயே எழுதப்படட்டும். தேர்வுக் குழுவிலும் அவர்கள் உட்காரட்டும். ஆங்கிலம் சரளமில்லை என்று வாசலிலேயே கழித்துக்கட்டுவது நிற்கட்டும்.

சேரிக்குத் தொண்டு செய்ய எல்லோரும் வருகிறார்கள். முகாம் போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். சேரிப் பிள்ளையும் தொண்டு செய்யப் போகலாம் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வாங்கும் கையாகவே நம்மைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்காத குழுவுக்கு நம் கையெழுத்து எதற்கு, தோழர்களே?